ரோசம்மாள் சொன்னதும் நாங்கள் எழுதியதும்

குழுவோடு வெளியே போகும்போது இரண்டு பென்சிலாவது சீவி எடுத்துக்கொண்டு போங்கள், அங்கத்தினர்களுக்கு முன்னால் நடக்காதீர்கள், யார் எந்தக் கேள்வி கேட்டார் என்பதைக் குறிக்கத் தவறாதீர்கள் என்றெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றை நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சட்டசபை ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது, எதைச் சொல்வது என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. என் உத்தியோக காலத்தில் எத்தனையோ குழுக்களோடு போயிருக்கிறேன். ஒரு குழுவைத்தான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது கேட்க இதமான கதை அல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மாகாணத்தின் சர்க்கார் கட்டடங்கள் எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்று பார்த்து வர, சபை ஒரு சிறு குழுவை நியமித்தது. குழுத் தலைவர் மயிலாப்பூர் வக்கீல். பெயர் வேண்டாம், வக்கீல் என்றே வைத்துக்கொள்வோம். கோர்ட்டில் எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போதுகூடக் குரலை உயர்த்தாதவர் என்று பெயர் வாங்கியவர். நான் குழுவின் குமாஸ்தா. சாட்சிகள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதிக்கொள்வது என் வேலை.

குழுவுக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்று என்றுகூட உத்தரவு போட முடியாது. பார்க்கலாம், கேட்கலாம், எழுதி சபையில் வைக்கலாம். அவ்வளவுதான். அதனால் நாங்கள் போகிற இடமெல்லாம் எங்களுக்கு முன்பே சுண்ணாம்பு போய்ச் சேர்ந்திருக்கும். வாசலில் புதுத் தேங்காய் நார் மிதியடி கிடக்கும். எதைக் கேட்டாலும் குறை ஒன்றும் இல்லை என்ற பதில்தான் வரும்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, மயிலாப்பூரில் கால்வாய் ஓரமாக இருந்த பியூன் லைனுக்குப் போனோம். சர்க்கார் ஆபீஸ்களில் வேலை செய்யும் பியூன்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. எதிரெதிராக இரண்டு வரிசை, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுப் பியூன் தோளில் டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அன்றைக்கு அவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் இலாகாவிலிருந்து ஒரு எஞ்சினீயர் எங்களோடு வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று காலை முழுவதும் எங்கள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

வரிசையின் நடுவில் ஒரு வீட்டு வாசலில் சின்னப்பன் என்பவன் நின்றான். சாந்தோம் கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். வீடு நன்றாக இருக்கிறது எஜமான் என்று மற்றவர்களைப் போலவே அவனும் சொன்னான். வக்கீல் அடுத்த வீட்டுக்குத் திரும்பினார். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வாசல்ல நின்னுகினு கேட்டா இன்னா தெரியும் ஐயா? உள்ள வந்து பாருங்க."

சின்னப்பன் முகம் செத்துப் போயிற்று. அவன் மனைவி ரோசம்மாள் வெளியே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பேசினாள். "இவரு நல்லா கீதுன்னு சொல்றாரு. பகல்ல இவரு ஆபீஸ்ல கீறாரு. நான்தான் இதுக்குள்ள கீறேன்."

வக்கீல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் எஞ்சினீயரும் பின்னால் போனோம். அவள் ஒரு ஸ்டூலில் ஏறி, இரும்புக் கரண்டியின் காம்பை உத்தரத்தில் குத்தினாள். வெண்ணெயில் போவது போல் பாதிக் காம்பு உள்ளே போயிற்று. கரையான் மண் எங்கள் தலையில் கொட்டியது. மழை வந்தால் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிடுவதாகவும், போன வருஷம் தளத்தில் ஒரு பாளம் பெயர்ந்து பாயில் விழுந்ததாகவும், வெள்ளையடிக்க வந்த ஆட்கள் மேலே பார்த்துவிட்டு ஏணியைச் சுவரில் சாய்க்கவே பயந்ததாகவும் சொன்னாள். பிறகு பக்கத்துச் சுவரைக் காட்டினாள்.

"இது பரவால்ல. அந்த வூடுதான் ரொம்ப மோசம். அங்க ஹாஜிரான்னு ஒரு பொண்ணு கீது, புள்ளத்தாச்சி. அவங்க கோஷா, உங்க முன்னால வந்து நிக்காது. அதுக்கோசரந்தான் நான் பேசறேன். எழுதிக்குங்க."

நான் எழுதிக்கொண்டேன். அவள் பெயர், வீடு, ஹாஜிராவின் பெயர், அந்த வீடு, எல்லாவற்றையும். அடுத்த வீட்டு வாசலில் திரை தொங்கியது. ஹாஜிராவின் புருஷன் திரைக்கு முன்னால் நின்று, குறை ஒன்றும் இல்லை என்று சொன்னான். பெண்கள் இருக்கும் இடம், நாங்கள் உள்ளே போகவில்லை.

திரும்பி வண்டிக்கு நடக்கும்போது எஞ்சினீயர் வக்கீலிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். தம்மிடம் கேட்டால் கட்டடம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், தாம் மேலே எத்தனை தடவை கேட்டாலும் இது அவசரமில்லை என்றுதான் பதில் வருகிறது, அந்த அம்மாள் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். சர்க்கார் உத்தியோகஸ்தர் அதைச் சொன்னதே பெரிய காரியம்.

இரண்டொரு நாள் கழித்து, லஸ் மூலையில் டிராமுக்காக நின்றிருந்த என்னிடம் சின்னப்பன் வந்தான். டவாலி இல்லாமல், தோளில் துண்டு போட்டுக்கொண்டு. பார்த்தால் வேறு ஆளாகத் தெரிந்தான். "சாமி, அது தெரியாம பேசிடுச்சு. பேர எடுத்துடுங்க," என்றான். அவனுடைய ஆபீசில் சூப்பரின்டெண்டு அவனைக் கூப்பிட்டு, உன் சம்சாரம் எப்போது சட்டசபை மெம்பர் ஆனாள் என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். வேலை போனால் லைன் வீடும் போகும், குழந்தைகளோடு தெருவில் நிற்க வேண்டும் என்றான். என் கையைப் பிடிக்க வந்து, தெரு என்று நினைத்தோ என்னவோ, விட்டுவிட்டான்.

பெயரை எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. வக்கீலிடம் அப்படியே சொன்னேன். அவர் தம் வீட்டு ஆபீஸ் அறையில், கட்சிக்காரர்கள் போகும்வரை என்னை இருக்கச் சொன்னார்.

"ஓய், சாட்சி சொல்லிட்டுக் கெட்டுப்போனவா எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன் தெரியுமோ?" என்றார். "நாளைக்கு அவனுக்கு வேலை போயிடுத்துன்னா வீடும் போயிடும். நம்மாத்துல வந்து இருன்னு சொல்வோமா? பேர் வேண்டாம். வீட்டு நம்பரும் வேண்டாம். நம்பர் இருந்தா பேர் இருந்த மாதிரிதான்."

வீட்டு எண் போனதும், பக்கத்து வீடு என்ற சொல்லுக்கும் அர்த்தம் இல்லாமல் போயிற்று. ஆகவே ஹாஜிராவும் போனாள். அறிக்கையில் மிஞ்சியது, குடியிருப்பவர் ஒருவர் கூரை பலவீனமாக இருப்பதாகத் தெரிவித்தார் என்ற ஒரே வரி. அதைச் சுத்தப் பிரதி எடுத்தபோது எங்கள் இருவருக்கும் நாம் ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்ற எண்ணம்தான் இருந்தது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு செய்கிற தப்பைப் பிடிப்பது சுலபம்.

கோட்டையில் சபை கூடியது. அறிக்கை வந்தது. அந்த லைனை மழைக்கு முன் காலி செய்து உத்தரங்களை மாற்ற வேண்டும் என்று வக்கீல் பேசினார். நான் அதிகாரிகள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சர்க்கார் தரப்பில் பதில் சொன்னவர் பேச்சில் கெட்டிக்காரர். குடியிருப்பவர்கள் அனைவரும் திருப்தியாக இருப்பதாகக் குழுவின் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள், கட்டடம் சரியாக இருப்பதாக இலாகா சொல்கிறது, இப்படி இருக்க யாரோ ஒருவர் என்றால் யார் அவர், பெயரைச் சொல்லட்டும், இன்றைக்கே ஆள் அனுப்பிப் பார்க்கிறேன் என்றார்.

தாம் கண்ணாலேயே பார்த்ததாக வக்கீல் சொன்னார். மதிப்பிற்குரிய அங்கத்தினரின் சட்ட ஞானத்தைத் தாம் அறிவதாகவும், மர ஞானத்தைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுவதாகவும் சர்க்கார் தரப்பில் பேசியவர் பதில் சொன்னார். சபை சிரித்தது. சரி, எந்த வீட்டில் பார்த்தார், எண்ணையாவது சொல்லட்டும் என்றார்.

வக்கீல் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் காகிதம் ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாம் மனத்தில் இருந்தது. ஒரு எண்ணைச் சொன்னால் போதும். அவர் ஒரு தடவை வாய் திறக்கப்போவது போல் தோன்றியது. பிறகு, என்னை நம்பிப் பேசியவரை நான் இங்கே காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் தரப்பு அங்கத்தினர் இரண்டு மூன்று பேர் மேஜையைத் தட்டினார்கள். விஷயம் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கவனிக்கப்படும் என்று முடிந்தது.

அன்று மாலை எனக்கு அவர்மேல் அளவில்லாத மரியாதை. மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டிராமில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுப் பிந்தி, ஹாஜிராவின் வீட்டுத் தளம் முழுவதுமாக உள்ளே விழுந்தது. ஆண்கள் எல்லாரும் ஆபீசில். ஹாஜிராவுக்குப் பிரசவம் ஆகி அதிக நாள் ஆகவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட ரோசம்மாள் தன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். அந்த இடைவேளையில் தாய் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள். சத்தம் கேட்டதும் குழந்தையைத் தன் பெரிய பெண்ணிடம் கொடுத்துவிட்டு ரோசம்மாள் ஓடினாள். லைன் பெண்கள் எல்லாரும் கையாலேயே செங்கலை வாரி எறிந்தார்கள். ஆண்கள் வந்து சேருவதற்குள் அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆனால் உயிர் இல்லை.

எனக்குத் தகவல் தெரிந்து நான் போய்ப் பார்த்தபோது மழை விட்டிருந்தது. வீட்டின் முன் சுவர் மட்டும் நின்றது, அடித்த சுண்ணாம்பு கலையாமல். வாசல் திரை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் நேரே வக்கீலிடம் போனேன். சபை மறுநாள் கூடுவதாக இருந்தது, ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று அவர் குறிப்பு எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கும்போது வாசல் கேட்டருகில் ஆள் வந்திருப்பதாக வேலைக்காரன் சொன்னான். ரோசம்மாள். சின்னப்பன் அவளுக்குப் பின்னால், கேட்டைத் தாண்டாமல் நின்றான். வக்கீல் எழுந்து வராந்தாவுக்குப் போய், நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தாள்.

"ஐயா, அன்னிக்கு நான் சொன்னத எழுதிகினீங்களே. அத்த அங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஹாஜிரா வூட்டப் பத்தி?"

"இல்லை," என்றார்.

"எம் பேரு?"

"சொல்லலை அம்மா. உன் புருஷன் வந்து வேண்டாம்னு கேட்டுண்டான். உனக்குக் கெடுதல் வரும்னு..."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மறுபடி வக்கீலைத்தான் பார்த்தாள்.

"அவரையா கேட்டீங்க? சொன்னது நான்தானே."

கோபமாகச் சொல்லவில்லை. புரியாத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

வக்கீல் மெதுவாக விஷயத்தை எடுத்துச் சொன்னார். நாளைக்குச் சபையில் பேசப்போகிறேன், இப்போது உன் பெயரைச் சொன்னால் சர்க்கார் தரப்பு வாய் திறக்க முடியாது, ஆனால் சின்னப்பன் வேலைக்கு ஆபத்து வரும், அது நிச்சயம், வீடும் கையைவிட்டுப் போகும், என்னால் தடுக்க முடியாது என்றார். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், சொல்லட்டுமா என்று கேட்டார்.

"எந்த வூடு ஐயா போவும்? அதுக்குள்ளயா இனிமே புள்ளைங்கள தூங்க வெக்கப் போறேன்?" என்றாள். "சொல்லுங்க. ஹாஜிரா பேரையும் சேத்துச் சொல்லுங்க."

கேட்டருகில் இருந்து சின்னப்பன், "சொல்லுங்க சாமி," என்றான். எங்களுக்குக் கேட்டதா என்று சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் சொன்னான்.

அவர்கள் போன பிறகு வக்கீல் உள்ளே வந்து உட்கார்ந்தார். "அவளைக் காப்பாத்தறோம்னு நெனச்சோம். அவ காப்பாத்தச் சொன்னது வேற ஒருத்தியையல்லவோ," என்றார். பிறகு, குறிப்பை முதலிலிருந்து எழுதலாம் என்றார்.

மறுநாள் சபையில் சர்க்கார் தரப்புப் பேச்சாளர் வருத்தம் தெரிவித்தார். இப்படி ஒரு ஆபத்து இருப்பதாகக் குறிப்பாக எவரும் எச்சரிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். வக்கீல் எழுந்தார். ரோசம்மாள் என்ற பெண், இன்ன வீட்டில் இருப்பவள், புரட்டாசி மாதம் குழு முன்னால் இன்னது சொன்னாள், பக்கத்து வீட்டில் இருந்த ஹாஜிரா என்ற கர்ப்பிணியைப் பற்றி இன்னது சொன்னாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயரையும் எண்ணையும் போன தடவை மறைத்தது தாம்தான், அந்தப் பெண் மறைக்கச் சொல்லவில்லை என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, மேஜையையும் தட்டவில்லை.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நல்லது ஒன்று நடந்தது. நகரத்தில் இருந்த மற்ற லைன்களையெல்லாம் அந்தக் குளிர்காலத்துக்குள் உண்மையாகவே பரிசோதித்தார்கள். பல இடங்களில் உத்தரம் மாற்றினார்கள். அந்த வீடுகளில் யாரும் சாகவில்லை. நடக்காத சாவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, ஆனாலும் அது உண்டு.

மற்றதெல்லாம் நல்லதல்ல. கால்வாய் ஓர லைனை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாற்று இடம் பிறகு தரப்படும் என்றார்கள், தரவில்லை. மழையில் சாமான்களோடு வெளியேறிய குடும்பங்கள் ரோசம்மாளைத்தான் திட்டின. அவள் வாயால்தான் எல்லாருக்கும் இந்தக் கதி என்று, அவளோடு சேர்ந்து செங்கல் வாரிய பெண்களே சொன்னார்கள். கட்டடம் சரியாக இருப்பதாகச் சொன்ன குற்றத்துக்கு எஞ்சினீயரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவசரமில்லை என்று சொன்னவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னப்பனைக் கடைக்கோடி ஜில்லா ஒன்றுக்கு மாற்றினார்கள். மாற்றல் நிர்வாகக் காரணங்களுக்காக என்றிருந்தது. வக்கீல் இரண்டு மூன்று இடங்களுக்கு நடந்து பார்த்தார், பலிக்கவில்லை. அவன் போகாமல் வேலையை விட்டுவிட்டான். ஹாஜிராவின் குழந்தையை அவள் தாயார் ராயப்பேட்டைக்கு எடுத்துப் போனாள். அதற்கு மேல் அந்தக் குழந்தையைப் பற்றி எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வக்கீல் தலைமை வகித்த எந்தக் குழுவிலும், சாட்சி எழுந்து போகுமுன் அவர் தாமே கேட்பார். உன் பெயரைப் போடட்டுமா வேண்டாமா, போட்டால் இன்ன கெடுதல் வரலாம், போடாவிட்டால் இன்ன கெடுதல் வரலாம். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்கள் பெயரைப் போடமாட்டார், அவர்களைக் கோழை என்று நினைக்கவும் மாட்டார். ஆனால் புருஷனையோ, அண்ணனையோ, மேலதிகாரியையோ கேட்டு ஒருவர் பெயரையும் அவர் எடுத்ததில்லை. நான் ரிடையராகும்வரை அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எழுதினால் ஒரு கட்டம் போட்டு, டிக் செய்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

உங்களிடமும் ஆட்கள் வருவார்கள். கூரையைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வார்கள். அவர்களுக்காகப் பயப்படுவது உங்களுக்கு ரொம்ப எளிதாக வரும், அதில் ஒரு திருப்தியும் இருக்கும். அந்தத் திருப்தியைச் சந்தேகப்படுங்கள்.

சில வருஷங்களுக்குப் பிறகு சாந்தோமில் ஒரு திருவிழா அன்று ரோசம்மாளைப் பார்த்தேன். என்னை அவளாகத்தான் அடையாளம் கண்டுகொண்டாள். ஆதம்பாக்கத்துப் பக்கம் குடிசை போட்டிருப்பதாகவும், சின்னப்பன் ஒரு கம்பெனி வாசலில் காவல் இருப்பதாகவும், சம்பளம் முன்னைவிடக் குறைவு என்றும் சொன்னாள். பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். நான் அதோடு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. பெயரைச் சொல்லச் சொன்னதற்கு எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா என்று கேட்டேன்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"வேல போச்சேன்னு வருத்தம் கீது. அது இல்லாம இருக்குமா?" என்றாள். "ஆனா எப்ப சொன்னாலும் பேரு ஒண்ணுதான் ஐயா. அத்த மொத தபாவே சொல்லியிருந்தாலும் இதே வேலதான் போயிருக்கும். அந்தப் பொண்ணு இருந்திருக்கும்."

உள்ளே பாட்டு தொடங்கியது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் போய்விட்டாள்.